பாப்பாவுக்கு ஏதோ சரியில்லை

அன்புள்ள கண்ணம்மா,

நீ கேட்டதற்கு முதலில் பதில்: ஆமாம், பாப்பாவை இன்னொரு குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். காட்டத்தான் வேண்டும். பழைய டாக்டர் என்ன நினைப்பாரோ, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் இதில் குறுக்கே வர வேண்டாம். மற்றதைப் போனில் சொல்லலாம் என்றால் பாதியில் அவள் விழித்துக்கொள்வாள், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அவள் தூங்கும் நேரம் பார்த்துப் படி. மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நீ சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறந்தபோது 3 கிலோ. 14 வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 5 கிலோ 100 கிராம். இப்போது ஐந்து மாதம் தாண்டிவிட்டது, 5 கிலோ 250. நடுவில் கக்குகிறாள் என்று ஒரு முறை போனாய். தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கச் சொன்னார்கள். சளியோடு தண்ணியாகப் போகிறது என்று இன்னொரு முறை, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மருந்தும் தந்தார்கள். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொரசொரப்பு என்று போனதற்கு ஒரு களிம்பு. மூன்று இடம், மூன்று பேர். அந்தந்த நாளைக்கு அவரவர் சொன்னதில் குற்றம் சொல்ல முடியாது. கக்காத குழந்தை எங்கே இருக்கிறது? ஆனால் மூன்றையும் சேர்த்து, எடை நின்றுபோனதையும் சேர்த்து, ஒரே கதையாகப் பார்த்த ஆள் இதுவரை நீ ஒருத்திதான். "பெரியம்மா, எனக்கு என்னவோ சரியாப் படலை" என்று நீ அழுதுகொண்டே சொன்னாயே, அதற்குள் இவ்வளவும் இருக்கிறது. அதைப் பிரமை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

என் வேலைக்காலம் குழந்தைகள் வார்டில் கழிந்தது. அங்கே ஒரு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சார்ட்டைக் கையில் எடுக்குமுன் தாயைத்தான் பார்ப்பார். "நேத்தைக்கு இன்னைக்கு எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்பார். காய்ச்சல் இறங்கியிருக்கும், நாடித்துடிப்பு சரியாக இருக்கும். தாய் மட்டும் "இல்ல சார், இவன் இவனா இல்ல" என்பாள். அந்தக் குழந்தையை அவர் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டார். டாக்டர் பார்ப்பது பத்து நிமிடம். தாய் பார்ப்பது பிறந்த நாள் முதலாக. அழுகையின் சுருதி மாறினால், உறிஞ்சும் வேகம் குறைந்தால், கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் நேரம் சுருங்கினால், எதுவென்று சொல்லத் தெரியாமலே அவள் மனசுக்கு உறைத்துவிடும். இதில் மாயம் ஏதும் இல்லை. இரவும் பகலும் பார்த்துப் பார்த்து மனசில் ஏறிய கணக்கு அது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007-ல் ரயன் என்று மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பையன் கடுமையான தொற்றில் இறந்துபோனான். அவன் மோசமாகிக்கொண்டே போகிறான் என்று பெற்றோர் சொன்னது சரியாகக் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு அந்த மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் அவன் பெயரிலேயே ஒரு விதி வந்தது. கவலை தீராத பெற்றோர் தாங்களே கேட்டு வேறொரு மருத்துவரை உடனே வரவழைத்துப் பார்க்கச் சொல்லலாம். இங்கிலாந்தில் மார்த்தா என்ற சிறுமியின் சாவுக்குப் பிறகு 2024-ல் அதேபோல ஓர் ஏற்பாடு தொடங்கியது. நம் ஊரில் அப்படி எழுதிவைத்த விதி கிடையாது. இல்லாவிட்டால் என்ன, கேட்கக்கூடாது என்றும் எந்த விதியும் இல்லை.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது நார்வேயைச் சேர்ந்த ஒரு தாயைப் பற்றி. போர்க்னி எகலாண்ட் என்று பெயர். 1920-களின் கடைசியில் அவருக்கு லிவ் என்று ஒரு பெண் பிறந்தாள், பிறகு டாக் என்று ஒரு பையன். இரண்டும் பிறக்கும்போது நல்ல குழந்தைகள். மாதங்கள் போகப் போக மூத்தவளுக்கு வளர்ச்சி பின்தங்கியது. நடை தாமதம், பேச்சு சில சொற்களோடு நின்றது. இளையவன் நிலைமை அதைவிட மோசம். போர்க்னி டாக்டர் டாக்டராக அலைந்தார். அவர் எங்கே போனாலும் ஒன்றைச் சொன்னார்: குழந்தைகள் மேலும், அவர்களுடைய சிறுநீரிலும் ஒரு விசித்திரமான வாடை அடிக்கிறது, இதற்கும் அவர்கள் இப்படி இருப்பதற்கும் தொடர்பு இருக்குமா? அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மூளை வளர்ச்சிக்கும் மூத்திர வாடைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அந்தக் காலத்தில் எவரும் நினைத்திருப்பார்கள்.

அவர் விடவில்லை. 1934-ல் ஆஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். அவர் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சொட்டுகளை விட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்துவந்த சோதனைதான். சாதாரணமாகச் செம்பழுப்பாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. மருந்து ஏதாவது காரணமாக இருக்குமோ என்று குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். அப்போதும் பச்சை. தாய் சேகரித்துக் கொண்டுவந்த லிட்டர் கணக்கான சிறுநீரைப் பிரித்துப் பிரித்து, அதில் இருக்கக்கூடாத ஓர் அமிலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் விடுதிகளில் 430 பேரைச் சோதித்ததில் இன்னும் எட்டுப் பேருக்கு அதே பச்சை வந்தது. இன்று பினைல்கீட்டோனூரியா என்று சொல்கிற நோய் இதுதான். நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற பொருளை அந்தக் குழந்தைகளின் உடம்பால் சிதைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. தாய்ப்பாலிலும் புரதம் இருக்கிறது, பசும்பாலிலும் இருக்கிறது. ஊட்ட ஊட்டத்தான் நோய் முற்றும்.

போர்க்னியின் குழந்தைகளுக்கு அந்தக் கண்டுபிடிப்பு காலம் கடந்து வந்தது. சின்னவன் சிறு வயதிலேயே போய்விட்டான். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தத் தாய் சொன்னது சரி என்றாலும், பலன் மற்ற வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் கிடைத்தது.

பதினேழு வருடம் கழித்து, 1951-ல், இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் இன்னொரு தாய். அவர் மகள் ஷீலாவுக்கு இதே நோய் என்று கண்டுபிடித்தார்கள். ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற இளம் டாக்டர், இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தம்மா அதை ஏற்கவில்லை. காலையில் ஆய்வகம் திறக்கும்போது வாசலில் வந்து நிற்பார். என் குழந்தைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? மறுநாளும் வருவார், அதே கேள்வி. கடைசியில் பிக்கலும் அவரோடு வேலை செய்தவர்களும் பினைல்அலனினை நீக்கிய ஒரு புரதக் கலவையைத் தயார்செய்து ஷீலாவுக்குக் கொடுத்தார்கள். ஓயாமல் அழுது தலையை மோதிக்கொண்டிருந்த குழந்தை தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், கண்ணில் ஒளி வந்தது, முடிகூடக் கறுத்தது.

இதில் ஒரு பகுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முன்னேற்றம் உணவால்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குச் சொல்லாமலே அந்த உணவில் பினைல்அலனினைத் திரும்பக் கலந்தார்கள். இன்று அப்படிச் செய்ய எந்த மருத்துவமனையும் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. சில மணி நேரத்திலேயே குழந்தை மாற ஆரம்பித்தாள். ஒரு நாளுக்குள் கற்றதெல்லாம் கழன்றுபோனது. உணவில் எதையும் மாற்றியதாகத் தெரியாத அந்தத் தாய், குழந்தை பின்னோக்கிப் போவதைக் கண்டு பதறினார். ஆய்வகத்தில் அளந்தவர்களுக்கும் வீட்டில் வைத்துப் பார்த்தவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விடை.

ஷீலாவுக்கு முழு மீட்சி கிடைக்கவில்லை, சிகிச்சை தாமதமாகத் தொடங்கியதால். ஆனால் உணவை மாற்றினால் பலன் உண்டு என்பது அவளால்தான் உலகுக்குத் தெரிந்தது; பிறந்த சில நாளிலேயே கண்டுபிடித்து மாற்றினால் மூளை தப்பும். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர், அவரும் மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனின் தகப்பன்தான், பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வடிகட்டித் தாளில் எடுத்துச் சோதிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். உலகத்தில் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இன்று எடுக்கப்படும் அந்தக் குதிகால் ரத்தத்தின் வேர், மூத்திர வாடையைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்ட ஒரு தாயிடம் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தச் சோதனை எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாக நடப்பதில்லை. பாப்பா பிறந்த ஆஸ்பத்திரியில் குதிகாலில் ரத்தம் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார். 'நியூபார்ன் ஸ்க்ரீனிங்' என்று எழுதியிருக்கும். எடுத்திருந்தால் முடிவுச் சீட்டை வாங்கி வை. இல்லாவிட்டால் புது டாக்டரிடம் அதையும் சொல். குறிப்பாகத் தைராய்டு பார்த்தார்களா என்று கேள்.

நான் ஏன் இவ்வளவு நீட்டி இந்தக் கதையைச் சொன்னேன் என்றால், போர்க்னி "மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு வாடையைச் சொன்னார். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் ஃபோலிங் உள்ளே போனார். உன் மனசில் இருப்பதை டாக்டரின் கைக்கு எட்டும் பொருளாக மாற்ற வேண்டியது உன் வேலை. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடித் தேடிப் பார்த்து, உலகத்தில் உள்ள எல்லா நோயும் பாப்பாவுக்கு இருப்பதாக நினைத்து நடுங்கியதாகச் சொன்னாய். அந்த நேரத்தில் ஒரு நோட்டை எடு.

என்ன எழுதுவது? பால் பவுடர் எந்தத் தேதியில் ஆரம்பித்தாய் என்பதை முதலில் எழுது. நீ வேலைக்குத் திரும்பியது மூன்றரை மாதத்தில் என்றாய். எடை நின்றதும் ஏறக்குறைய அப்போதுதான். சொரசொரப்பு அதற்கு முன்பா பின்பா? சளிப்போக்கு முன்பா பின்பா? பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு; அவர்களுக்கு வயிறும் தோலும் சேர்ந்தே பேசும். பாப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நீயாக டப்பாவை மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். மாற்றிவிட்டால் டாக்டருக்குத் தடயம் கலைந்துவிடும். தேதியை மட்டும் வைத்துக்கொள். கரண்டிக் கணக்கையும், எவ்வளவு தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பதையும் எழுது. பகலில் கலக்குவது நீ இல்லை என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள். தண்ணீர் கூடினால் சத்து குறையும், எடை ஏறாது. இதைச் சம்பந்தியம்மாவிடம் குற்றம் கேட்பதுபோலக் கேட்காதே. அவர்கள் பாப்பா மேல் உயிராக இருக்கிறார்கள்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறாளா என்று பார். இது இதயத்தைப் பற்றி டாக்டருக்குச் சேதி சொல்லும். ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் போகிறாள், போகும்போது முக்கி அழுகிறாளா? காரணம் தெரியாமல் எடை நிற்கும் குழந்தைகளில் சிறுநீர்த் தொற்று சத்தமில்லாமல் இருப்பதுண்டு. அதற்கு ஒரு சிறுநீர்ச் சோதனை போதும். கக்கியது தயிர் போலவா, தண்ணீர் போலவா, எவ்வளவு தூரம் போய் விழுந்தது? மலத்தைப் போனில் படம் எடுத்து வை. கூச்சப்படாதே, குழந்தை மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள்.

கை கால் வெட்டுவதோ உதறுவதோ இருந்தால் வீடியோ எடு. 1841-ல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்த வெஸ்ட் என்ற மருத்துவர், தன் கைக்குழந்தைக்கு வந்த விசித்திரமான அசைவைப் பற்றி லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். தலை முன்னால் கவிழ்ந்து நிமிரும், மறுபடி கவிழும், வரிசையாக வந்து நிற்கும். மருத்துவராக இருந்தும் அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஒரு தகப்பனாகத் தான் கண்டதை அப்படியே எழுதி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஏழெட்டு மாதத்துக்குள் வருவது. வயிற்று வலி என்றும், திடுக்கிடுதல் என்றும் தள்ளிப்போட்டு நாள் கடத்தினால் மூளைக்குக் கேடு. நீ பாப்பாவைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை, அதனால் பயப்படாதே. தெரிந்து வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன். வெஸ்டின் காலத்தில் பேனா, உன் காலத்தில் போன்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுக்குமுன் போடு. இந்த வயதில் மாதத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி ஏற வேண்டும். தடுப்பூசி அட்டையில் வளர்ச்சிக் கோடு போடும் பக்கம் இருக்கிறது பார், அதில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டு போ. வார்த்தையால் அரை மணி நேரம் சொல்வதை அந்தப் படுத்துக்கிடக்கும் கோடு ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

உள்ளே போனதும் கக்குவதில் ஆரம்பிக்காதே. "மூணரை மாசத்துல இருந்து எடை ஏறலை, அதுக்குக் காரணம் தெரியணும்" என்று ஆரம்பி. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால், சண்டை வேண்டாம், மூன்று கேள்வி கேள். எதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறீர்கள்? இன்னும் எதைப் பார்க்க வேண்டியிருக்கும்? எத்தனை நாளில் எவ்வளவு எடை ஏறாவிட்டால் நான் திரும்ப வரணும்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் அவரிடம் தொடர்ந்து போக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஆனால் வாரம் ஒரு டாக்டர் என்று மாற்றிக்கொண்டும் போகாதே. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினால் மறுபடி பாப்பாவின் கதை துண்டு துண்டாகிவிடும். ஒரு நல்லவரைப் பிடித்து, பழைய சீட்டு எல்லாவற்றையும் கொடுத்து, அவரிடமே நில். செலவை நினைத்துத் தயங்கினால் உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. வரிசையில் நிற்க வேண்டிவரும். அங்கே ஒரு நாளில் பார்க்கும் குழந்தைகளின் எண்ணிக்கையே அவர்களுக்குப் பெரிய பாடம்.

சம்பந்தியம்மா பல் முளைக்கப்போகிறது, அதனால்தான் என்கிறார்களாம். பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு ஊறும். ஒன்றரை மாதத்துக்கு எடை நிற்காது. உரைமருந்து கொடுக்கலாம் என்பதற்கு மட்டும் சம்மதிக்காதே. வசம்பில் நஞ்சான பொருள் உண்டு, கல்லும் தண்ணீரும் கிருமி சேர்க்கும், ஆறு மாதத்துக்குள் பாலைத் தவிர எதுவும் வேண்டாம். தோஷம் கழிக்கத் தர்காவில் மந்திரித்துவர ஆசைப்பட்டால் மந்திரித்துவிட்டு வரட்டும், அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவதோ, வயிற்றில் சூடு வைப்பதோ கூடவே கூடாது. இதில் உன் குரல் உயர்ந்தாலும் தப்பில்லை. மாப்பிள்ளை அவர்கள் மகன், இந்த இடத்தில் பேச வேண்டியவர் அவர்.

இன்னொன்று, இது உன்னைப் பற்றியது. பயமும் உள்ளுணர்வும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி இது: பயம் நாளைக்கு என்ன ஆகுமோ என்று பேசும். உள்ளுணர்வு நேற்றையும் இன்றையும் வைத்துப் பேசும். "இவளுக்கு ஏதாவது ஆயிடுமோ" என்பது பயம்; "போன வாரம் இரண்டு பக்கமும் குடிச்சா, இந்த வாரம் ஒரு பக்கத்திலேயே களைச்சுப்போறா" என்பது கண்டது. இரண்டாவது வகையை நோட்டில் எழுது. முதல் வகை விடாமல் வந்து, பாப்பா தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வராமல், அழுகை நிற்காமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல், இது உனக்காக. பிரசவித்த ஒரு வருடத்துக்குள் நிறையப் பெண்களுக்கு வருவது, மருந்தும் உண்டு. அது இருப்பதனால் நீ பாப்பாவைப் பற்றிச் சொல்வது பொய் ஆகிவிடாது.

சோதனை எல்லாம் செய்து, ஒன்றுமே இல்லை, பால் அளவைக் கூட்டினால் போதும் என்று முடியலாம். பாதிக்கு மேற்பட்ட சமயம் இப்படி எளிதாகத்தான் முடியும் என்பதே என் அனுபவம். அப்போது யாராவது "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றால் தலை குனியாதே. பார்த்துத் தெரிந்துகொண்ட "ஒன்றுமில்லை" வேறு, பார்க்காமல் சொன்ன "ஒன்றுமில்லை" வேறு.

காத்திருக்கக்கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கலந்து வந்தால், ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், மூச்சு இழுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து சாய்ந்தால், அப்பாயின்ட்மென்ட் நாளைப் பார்க்காதே. 108-ஐக் கூப்பிடு. ராத்திரி என்று யோசிக்காதே.

உன் நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம் என்றாயே, அவளுக்கும் ஒரு வார்த்தை சொல். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்கு மேலும் கண் மஞ்சளாக இருந்தால், "வெயில்ல காட்டுங்க, போயிடும்" என்று யார் சொன்னாலும், டைரக்ட் பிலிருபின் என்ற ரத்தச் சோதனையைக் கேட்டு எடுக்கச் சொல். மலம் வெளுத்து, களிமண் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிப்பதும் அதே அடையாளம். பித்தக்குழாய் அடைத்துப்போகும் பிலியரி அட்ரேசியா என்ற நோயாக இது இருக்கலாம். குழந்தை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு இருக்கும், அதுதான் எல்லாரையும் ஏமாற்றும். ஜப்பானின் மோரியோ கசாய் என்ற மருத்துவர் 1950-களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தார். அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், தொண்ணூறைத் தாண்டினால் வெகுவாகக் குறையும். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாயின் கையிலும் மல நிறங்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துவிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்த்துத் தாயே சொல்லும்படி. நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு இந்த நோய்க்காகத்தான் 1998-ல் டெல்லியில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அது. அந்தப் பையன் வளர்ந்து இப்போது டாக்டராகிவிட்டான். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைத் தள்ளிய குழந்தைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை. தகவல்தான் சேரவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை, மாப்பிள்ளை அரை நாள் லீவு சொல்லட்டும். தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, மூன்று டாக்டர் சீட்டுகள், பால் பவுடர் டப்பாவின் லேபிள், நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. உள்ளே பாப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன், நீ பேசு. அதற்கு முன் புதன்கிழமை காலை எடை போட்டு எனக்கு எண்ணை அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா